மூச்சைக் கவனித்தல் மறத்தல் அல்ல: போருக்குப் பின்னான உளநலம்

"மனதை அமைதியாக வைத்திருங்கள்" என்று சொல்வது இலகு. அதை எப்படி வைத்திருப்பது என்று சொல்லிக் கொடுப்பவர்கள் குறைவு. வன்னியில் உளவளத்துணைப் பணியில் இருந்த காலத்தில் இரண்டு கேள்விகளை நான் அடிக்கடி கேட்டிருக்கிறேன். "தியானம் செய்தால் இது மாறுமா?" என்பது ஒன்று. "மாறினால் நான் அவனை மறந்துவிடுவேனா?" என்பது மற்றது. இரண்டாவதைக் கேட்டவர்கள் பெரும்பாலும் தாய்மார். இந்த இரண்டு கேள்விகளுக்கும் எனக்குத் தெரிந்த பதிலை இங்கே எழுதுகிறேன்.

முழுக்கவனம் என்றால் என்ன?

மனம் இருக்கும் இடத்துக்கும் உடல் இருக்கும் இடத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைப்பதே முழுக்கவனப் பயிற்சி. உடல் அடுப்படியில் நிற்கும். மனம் 2009 மே மாதத்தில் பதுங்குகுழிக்குள் இருக்கும். அதைத் திட்டாமல், தள்ளிவிடாமல், அடுப்படிக்குக் கூட்டிவர வேண்டும். மனம் திரும்பவும் ஓடும். திரும்பவும் கூட்டிவரலாம். பயிற்சி என்பது இவ்வளவுதான்.

இதன் வேர் மூச்சைக் கவனிக்கும் ஆனாபானசதி போன்ற பௌத்த தியான முறைகளில் இருக்கிறது. 1979 இல் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பாடசாலையில் ஜோன் கபாட் சின் என்பவர் இதைப் பல வாரப் பயிற்சியாக ஒழுங்கமைத்து, நீண்டகால நோவுடன் வாழ்பவர்களுக்குக் கற்பித்தார். அதன் பின்னரே மேற்கத்தைய மருத்துவத்தில் இது பரவலானது.

எங்கள் மண்ணுக்கும் இது புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் உளமருத்துவப் பேராசிரியராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரம், போரால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அவரவர் சமய மரபிலுள்ள தளர்வு முறைகளையே பயன்படுத்தலாம் என்று எழுதி வந்தவர். சைவர் ஒரு மந்திரத்தை மெல்ல உச்சரிக்கலாம், கத்தோலிக்கர் செபமாலை சொல்லலாம், முஸ்லிம்கள் திக்ர் செய்யலாம். ஒரே சொல்லை ஒரே சீராகச் சொல்லும்போது மூச்சும் சீராகிறது.

உடல் ஏன் இன்னும் போரில் நிற்கிறது?

கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தும்போது சிலர் நிலத்தில் குந்திவிடுவார்கள். ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் சிலருக்குக் கை நடுங்கும். மே மாதம் நெருங்க நித்திரை குறையும், காரணமில்லாமல் கோபம் வரும், பழைய காயம் நோகும். இது கோழைத்தனமும் அல்ல, விசரும் அல்ல. உயிரைக் காப்பாற்றுவதற்காக உடல் படித்த பாடம் அது. ஆபத்து போனபிறகும் உடல் அதை விடவில்லை.

மூச்சை வெளியே விடும்போது இதயத்துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறைகிறது. ஆகவே ஆறுதலாக, நீளமாக வெளியே விடும் மூச்சு, "இப்போது ஆபத்தில்லை" என்று உடலுக்குச் சொல்லும் ஒரு வழி.

கண்ணை மூடச் சொல்லும்போது கவனம்

தியானம் எல்லோருக்கும் எல்லா நேரமும் நல்லது என்பது சரியல்ல. கடும் மனவடு உள்ள ஒருவர் கண்ணை மூடி அமைதியாக இருந்தால், அந்த அமைதிக்குள் பழைய காட்சிகள் வரலாம். பதுங்குகுழியில் மூச்சுத் திணறியவருக்கு மூச்சைக் கவனிப்பதே பயத்தைக் கொடுக்கலாம். அப்படி நடந்தால் பயிற்சியை நிறுத்துங்கள். "பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள்" என்று யாரும் வற்புறுத்தக் கூடாது. கண்ணைத் திறந்துகொண்டு, உள்ளே பார்க்காமல் வெளியே பார்க்கும் முறைகளில் தொடங்குவதே பாதுகாப்பானது.

செய்து பார்க்கக்கூடியவை

1. கால் ஊன்றுதல்: கதிரையிலோ திண்ணையிலோ இருந்து இரண்டு பாதங்களையும் நிலத்தில் பதியுங்கள். நிலத்தின் குளிரையோ சூட்டையோ கவனியுங்கள். இன்றைய திகதியையும் இருக்கும் ஊரையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

2. சுற்றிப் பார்த்தல்: காணும் ஐந்து பொருட்களைப் பெயர் சொல்லுங்கள். கேட்கும் மூன்று சத்தங்களைக் கவனியுங்கள். பயங்கரக் கனவு கண்டு எழும்பியவருக்கு இது நன்கு உதவும்.

3. நீள வெளிமூச்சு: மூன்று எண்ணும்வரை உள்ளே எடுத்து, ஐந்து எண்ணும்வரை வெளியே விடுங்கள். இரண்டு நிமிடம் போதும். தலை சுற்றினால் விட்டுவிடுங்கள்.

4. வேலையில் கவனம்: தேத்தண்ணி குடிக்கும்போது அதன் சூட்டையும் மணத்தையும் மட்டும் கவனியுங்கள். பூக்கன்றுக்குத் தண்ணீர் விடுவது, பாய் பின்னுவது, வலை தைப்பது எல்லாமே பயிற்சியாகலாம். சும்மா இருக்க முடியாதவர்களுக்கு இதுவே சிறந்தது.

5. சேர்ந்து செய்தல்: தனியே இருந்து பயிற்சி செய்வதைவிட, நம்பிக்கையான ஒருவர் அருகில் இருக்கச் செய்வது நல்லது. மூச்சு ஒரு கருவி மட்டுமே. மனிதரைத் தாங்குவது மனிதர்தான்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகளுக்கு

இறந்தவருக்கு எட்டுச்செலவு, அந்தியேட்டி, ஆட்டைத் திவசம் என்று துக்கத்துக்கு நாங்கள் படிகள் வைத்திருக்கிறோம். கூடி அழுவதற்கு ஒரு நாள் உண்டு, அழுகையை இறக்கி வைக்க ஒரு நாள் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டவரின் தாய்க்கு இந்தப் படிகள் இல்லை. திவசம் செய்தால் மகனைத் தானே கொன்றதுபோல் இருக்கும். செய்யாவிட்டால் துக்கம் முடியாது. போலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைத் தெளிவற்ற இழப்பு என்று அழைத்தார். பிழை அந்தத் தாயின் மனதில் இல்லை, அவருக்குப் பதில் கிடைக்காத நிலையில்தான் இருக்கிறது என்பது இந்தக் கருத்தின் சாரம்.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கிய தொடர் போராட்டங்களில் வீதியோரம் இருந்த தாய்மாருக்கு மூச்சுப் பயிற்சி பதிலாகாது. உண்மையும் நீதியும் வேண்டிய இடத்தில் தியானத்தைக் கொடுத்து அனுப்புவது ஏமாற்று. ஆனால் பதிலுக்காகக் காத்திருக்கும் உடலுக்கு நித்திரை வேண்டும், சாப்பாடு வேண்டும், மருந்தை நேரத்துக்கு எடுக்கும் தெளிவு வேண்டும். அதற்கு இந்தப் பயிற்சி உதவும்.

எப்போது உதவி தேட வேண்டும்?

இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரையோ பசியோ இல்லாவிட்டால், அன்றாட வேலைகளைச் செய்ய முடியாவிட்டால், மதுவில் தங்கியிருக்க நேர்ந்தால், உளநலப் பிரிவை நாடுங்கள். யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு உட்பட வடக்கு கிழக்கின் பெரிய அரச வைத்தியசாலைகளில் இந்தச் சேவை இலவசம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் பிந்த வேண்டாம். தேசிய உளநல உதவி இலக்கமான 1926 ஐ உடனே அழைக்கலாம். மருந்து எடுப்பவர்கள் பயிற்சியைத் தொடங்கியதற்காக மருந்தை நிறுத்தக் கூடாது.

அந்தத் தாய்மாரின் கேள்விக்கு நான் சொல்லும் பதில் இது: மறக்க மாட்டீர்கள், அம்மா. நினைவு உங்களை இழுத்துக்கொண்டு போவது குறையும். எப்போது நினைப்பது, யாரோடு சேர்ந்து நினைப்பது என்பதில் கொஞ்சமாவது உங்கள் சொல்லும் எடுபடும்.