ஸ்டீவன்ஸ் பின்வாங்கிய கதை

சைக்கிளில் உலகைச் சுற்றிய முதல் ஆள் தாமஸ் ஸ்டீவன்ஸ். 1884 ஏப்ரல் 22-ல் சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பினார். வண்டி, 50 அங்குல முன்சக்கரம் கொண்ட கொலம்பியா. அமெரிக்காவைக் கடந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நடைதான்.

பெரிய அடி ஆசியாவில் விழுந்தது. ரஷ்யா தன் பகுதி வழியாகப் போக அனுமதிக்கவில்லை. சரி, ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியா போகலாம் என்று 1886-ல் நுழைந்தார். அங்கே பிடித்து, காவலோடு ஹெராத் பக்கம் கொண்டுபோய், பாரசீகத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மனுஷன் என்ன செய்தார்? வந்த திசையிலேயே திரும்பினார். காஸ்பியன் கடலைத் தாண்டி பாகு, ரயிலில் பட்டூமி, கப்பலில் கான்ஸ்டான்டிநோபிள், அங்கிருந்து சூயஸ் வழியாகக் கராச்சி. பிறகு லாகூரிலிருந்து கிராண்ட் டிரங்க் ரோட்டில் கல்கத்தா வரை மறுபடி மிதித்தார். சீனாவையும் கடந்து, டிசம்பர் 17-ல் யோகோகாமாவில் முடித்தார்.

இந்தச் சுற்றுவழியை அவர் மறைக்கவில்லை. தன் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில் விரிவாகவே எழுதியிருக்கிறார்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. சில வருஷம் முன்பு சென்னை–கன்னியாகுமரி போனேன். உளுந்தூர்பேட்டை அருகே பின்சக்கரத்தில் மூன்று போக்ஸ் கம்பி போச்சு. திருச்சி வரை பஸ்தான். ஆபீஸில் மட்டும், "முழுசும் மிதிச்சேன்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நாளைக்குத் திருத்திச் சொல்லணும்.