பண்டாத் தீவுகளில் ஜாதிக்காய்க் காணியாட்சி

நம் சமூகத்து இளைஞருள் சிலர், கிழக்கிந்தியத் தீவுகளில் நிலம் வாங்கித் தோட்டமிட்டு நிலைபெறலாகுமா என்று அடிக்கடி வினவக் காண்கின்றோம். கடல் கடந்து பொருளீட்டும் வழக்கம் நம்மவர்க்குப் புதிதன்று. ஆதலின் அவ்வினாவை நாம் இகழோம். ஆயினும் சிறு தீவில் உள்ள நிலத்தின் இயல்பு வேறு, ஆறும் சந்தையும் அடுத்துள்ள உள்நாட்டு நிலத்தின் இயல்பு வேறு. இவ்வேற்றுமையைக் காட்டுதற்கு, இக்காலத்து இந்தோனேஷியக் குடியரசில் அடங்கிய பண்டாத் தீவுகளின் சரித்திரத்தினும் தக்கது பிறிதொன்று நமக்குத் தோன்றவில்லை.

இத்தீவுகள் மாலுக்குப் பிரதேசத்தில், செராம் என்னும் பெருந்தீவுக்குத் தெற்கே ஏறக்குறைய 140 கிலோமீட்டர் தூரத்தில் உள்ளன. பெரிய பண்டா எனப்படும் லொந்தோர், நெய்ரா, ஆய், ரன் என்பவை இவற்றுள் முக்கியமானவை. நெய்ராவுக்கு எதிரே குனுங் ஆப்பி என்னும் எரிமலை கடலினின்று எழுந்து நிற்கின்றது. நம் இல்லத்து மருந்துப் பெட்டியில் இருக்கும் ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் பதினெட்டாம் நூற்றாண்டு வரையில் பெரும்பாலும் இச்சிறு தீவுகளிலிருந்தே உலகத்துக்குக் கிடைத்தன. இரண்டும் ஒரே கனியின் பாகங்கள். கனி முதிர்ந்து வெடிக்கும்போது விதையைச் சூழ்ந்து தோன்றும் செந்நிறப் பின்னல் பத்திரி. அதனுள் ஓட்டுக்குள் இருக்கும் பருப்பே காய். விலையுயர்ந்த இச்சரக்கை விளைவிக்கும் மண், நெல்லை விளைவிப்பதில்லை. அரிசி ஜாவாவிலிருந்தும், சேகோ என்னும் மரமாவு செராமிலிருந்தும் மரக்கலத்தில் வந்தாலன்றி அங்கே அடுப்பெரியாது. இதனை அன்பர்கள் நினைவில் இருத்துவார்களாக.

பண்டாவின் பழங்குடிகளுக்கு அரசன் இல்லை. ஓராங் காயா எனப்படும் ஊர்ப் பெரியோர்களே காரியங்களை நடத்தினர். ஜாவா, மலாய், அரபு வணிகர் எவர் வரினும் அவரோடு விலை பேசி விற்கும் சுதந்திரம் அவர்களுக்கு இருந்தது. விற்றதற்கு ஈடாக அவர்கள் விரும்பிப் பெற்றவற்றுள் ஒன்று நமது சோழமண்டலக் கரையில் நெய்த துணியாகும். அத்துணியின்றி அத்தீவுகளில் வாசனைச் சரக்கு வாங்குதல் அரிது என்றுணர்ந்தே ஒல்லாந்தர் 1610-ம் ஆண்டில் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்தனர். நம் கரையில் தறி அசைந்ததும் அங்கே ஜாதி மரம் காய்த்ததும் ஒரே வியாபாரத்தின் இரு முனைகளாயின.

ஒல்லாந்தக் கம்பெனியார் தமக்கன்றிப் பிறர்க்கு விற்கலாகாது என்று உடன்படிக்கை கேட்டனர். அது கைகூடாதொழியவே, 1621-ம் ஆண்டில் ஜான் பீட்டர்சூன் கூன் என்னும் கவர்னர் ஜெனரல் படையெடுத்து வந்து லொந்தோரைக் கைப்பற்றினார். ஓராங் காயாக்களுள் 44 பேர் கூலிக்கமர்ந்த ஜப்பானிய வீரரால் வெட்டுண்டனர். ஏறக்குறைய 15,000 என்று மதிக்கப்படும் ஜனத்தொகை, போராலும் பட்டினியாலும் நாடு கடத்தப்பட்டதாலும் ஆயிரமளவில் சுருங்கியது. தப்பியோடியவர் சிலர் கேய்த் தீவுகளை அடைந்தனர். பண்டா மொழி இன்று பேசப்படுவது அங்கேதான், பண்டாவில் அன்று.

இவ்வாறு உடையவரை நீக்கிய நிலத்தில் கம்பெனியார் செய்த ஏற்பாடே நாம் சற்று நின்று நோக்கத்தக்கது. ஜாதி மரங்கள் நிறைந்த காடுகளை லொந்தோரில் 34, ஆயில் 31, நெய்ராவில் 3 ஆக 68 பங்குகளாக வகுத்தனர். பங்கு ஒன்றுக்குப் பெர்க் என்று பெயர். அதனைப் பெற்றவர் பெர்க்கனியர் எனப்பட்டனர். இவர்களுட் பலர் கம்பெனியின் ஊழியத்தினின்று விலகிய சிப்பாய்களும் குமாஸ்தாக்களுமே. ஒரு பங்குக்கு 25 அடிமைகள் என்னும் கணக்கில் ஆட்களைக் கம்பெனியே தருவித்தது. அவ்வடிமைகளுள் குஜராத்தில் பிறந்தோரும், மலையாளக் கரையோரும், நம் சோழமண்டலத்தாரும் இருந்தனர் என்பதை எழுதுங்கால் எம் கை தளர்கின்றது. 1638-ம் ஆண்டுக் கணக்கின்படி அங்கிருந்த ஏறக்குறைய 3,800 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் அடிமைகள். பூர்வீகக் குடிகளோ 560 பேரே.

பெர்க்கனியர் பெற்ற பாத்தியதை எத்தன்மையது? பங்கு மக்கள் வழி செல்லலாம். காகிதத்தில் நோக்கின் அது நல்ல காணியாட்சியே. ஆனால் விளைந்த காய் முழுவதையும் கம்பெனிக்கே, கம்பெனி விதித்த விலைக்கே அளத்தல் வேண்டும். அவ்விலை ஐரோப்பாவில் விற்ற விலையில் மிகச் சிறு பங்காகும். உண்ணும் அரிசியும் கம்பெனியின் கிடங்கிலிருந்தே வரவேண்டும், வேலையாளும் அவ்வழியே. விற்பது ஒருவனிடமே, வாங்குவதும் அவனிடமே என்றால், அவ்விருவருக்கும் நடுவே நிற்கும் பத்திரத்துக்கு மதிப்பு யாது? பெர்க்கனியருட் பலர் கடனில் மூழ்கியதில் வியப்பில்லை. அவர்கள் இரகசியமாகப் பிறர்க்கு விற்றதுண்டு. அதனைக் குற்றமெனச் சட்டம் கூறினும், நம்மில் கடை வைத்திருப்போர் அவர்கள் நெருக்கடியை அறிவார்கள்.

ரன் தீவின் செய்தி வேடிக்கையானது. ஆங்கிலேயர் உரிமை கோரிய அத்தீவை 1667-ம் ஆண்டின் பிரேடா உடன்படிக்கையால் ஒல்லாந்தர் தம்மிடம் நிறுத்திக்கொண்டனர். அமெரிக்காவில் அவர்கள் இழந்திருந்த மன்ஹாட்டன் ஆங்கிலேயரிடமே நின்றது. இன்று அவ்விரண்டின் நிலமதிப்பை ஒப்பிட்டு நகைப்போர் பலர். அன்று பேரம் பேசியவர்களோ தாம் இலாபமடைந்ததாகவே கருதியிருப்பர்.

இயற்கையும் அத்தீவுகளில் பெர்க்கனியர்க்கு உறுதி தரவில்லை. 1778-ம் ஆண்டில் பூகம்பமும் எரிமலையின் கொதிப்பும் பெரும்புயலும் ஒருங்கே வந்து ஏறக்குறையப் பாதி மரங்களை அழித்தன. ஜாதிக் கன்று பலன் தர ஏழு முதல் ஒன்பது ஆண்டுகள் செல்லும். நட்டவற்றுள் பெண் மரமே காய்க்கும். எது பெண் என்பது பூத்த பின்னரே தெரியவரும். இதனிடையே 1770-ம் ஆண்டளவில் புவாவர் என்னும் பிரெஞ்சுக்காரர் கன்றுகளை மொரீஷியஸுக்குக் கடத்துவித்தார். பின்னர்த் தீவுகளைச் சிலகாலம் கைக்கொண்ட ஆங்கிலேயர் பினாங்கு முதலிய இடங்களில் பயிரிட்டனர். 1843-ம் ஆண்டில் ஜாதி மரம் மேற்கிந்தியாவில் கிரெனடாவை அடைந்தது. அதன்பின் பண்டாவின் தனியுரிமை பெயரளவில் நின்றது.

1860-ம் ஆண்டில் ஒல்லாந்தக் கீழ்நாடுகளில் அடிமை முறை ஒழிந்தது. அதன்பின் சில ஆண்டுகளில் கட்டாய விற்பனையும் நீங்கியது. பெர்க்கனியர் முதன்முறையாகத் தம் காயைத் தாமே விலை கூறினர். விலையும் ஏறியது. நெய்ராத் தெருக்களில் தூண் நிறுத்திய மாளிகைகளும், அவற்றில் பளிங்குத் தளமும் சரவிளக்கும் தோன்றிய காலம் இதுவே. செலவுக்கு ஏற்ப வரவு நிலைக்குமென நம்பி அடமானம் வைத்தனர். நூற்றாண்டின் கடைசியில் விலை வீழ்ந்தபோது தோட்டங்கள் கடன் கொடுத்தோர் கைக்கு மாறின. இருநூற்றைம்பது ஆண்டு அனுபவித்த குடும்பங்கள் சந்தையின் சுதந்திரத்தை ஒரு தலைமுறைக்கு மேல் துய்க்கவில்லை.

1936 முதல் 1942 வரை ஹத்தாவும் ஷாரிரும் நெய்ராவில் சிறைவைக்கப்பட்டிருந்தனர். பின்னாளில் முன்னவர் குடியரசின் முதல் உப ஜனாதிபதியும், பின்னவர் முதல் பிரதம மந்திரியும் ஆனார்கள். குடியரசார் 1958-ம் ஆண்டில் ஒல்லாந்தர் சொத்துக்களை நாட்டுடைமையாக்கினர். இப்பொழுது ஜாதிக்காய் பெரும்பாலும் சிறு குடியானவர் பறிப்பது. நெடிய மூங்கிற் கழியின் நுனியில் சிறு கூடை கட்டி, உயர்ந்த கனாரி மர நிழலில் நின்று கனி கொய்கின்றனர்.

இனி நம் இளைஞர் வினாவுக்கு வருவோம். இந்தோனேஷியாவின் 1960-ம் ஆண்டு நிலச் சட்டப்படி, ஹக் மிலிக் எனப்படும் முழு உடைமை அந்நாட்டுப் பிரஜைகளுக்கே உரியது. அந்நியர் காலவரை கொண்ட உபயோக உரிமையையே பெறலாம். உள்ளூரார் ஒருவர் பெயரில் வாங்கிக்கொள்ளலாம் என்று தரகர் கூறக்கூடும். அந்நியர்க்கு நேராகவோ மறைவாகவோ உடைமையை மாற்றும் கிரயம் செல்லாது. நிலம் சர்க்காரைச் சேரும். கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவும் இயலாது என்று அச்சட்டத்தின் 26-ம் பிரிவு வெளிப்படையாகக் கூறுகின்றது. பயணச் சீட்டு வாங்குமுன் அப்பிரிவைப் படிப்பித்துக் கேட்டல் நலம்.