நாகம்மாள் கேட்ட நிலம்

பங்கு கேட்டாள் ஒரு கைம்பெண். பொன்னன்று, பொருளன்று, நிலம்! கொங்குநாட்டு எழுத்தாளர் ஆர். சண்முகசுந்தரம் 1942-இல் வெளியிட்ட 'நாகம்மாள்' நாவலின் உயிர்நிலை அதுதான்.

கணவனின் உடன்பிறந்தான் சின்னப்பனும் அவன் மனைவி ராமாயியும் கொடியவரல்லர். நாகம்மாளுக்குச் சோறுண்டு, துணியுண்டு. மகள் முத்தாயிக்கும் நிழலுண்டு. பின்னும் என்ன வேண்டும் என்பார் சிலர். கணவன் உழுத காட்டில் தனக்கும் பாதி உண்டென்று உணர்ந்துவிட்டவளுக்கு, பிறர் இட்ட சோறு எப்படிச் செரிக்கும் என்று நாம் கேட்கிறோம். கெட்டியப்பன் தூண்டினான், அதனால் கேட்டாள் என்பதும் பழைய பல்லவியே. தூண்டியவன் தீயவனானால் கேட்ட உரிமையும் தீயதாகிவிடுமோ?

கதையை விட்டுச் சட்டத்துக்கு வருவோம். வியப்பு அங்கேதான் இருக்கிறது. பெண்ணுக்கும் ஆணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. 1937-இல் வந்த சட்டம், கூட்டுக்குடும்பத்தில் இறந்தவனின் பங்கை அவன் மனைவிக்கு வாழ்நாள் மட்டும் தந்தது. பாகம் பிரிக்கக் கேட்கவும் இடமளித்தது. ஆனால் வேளாண் நிலத்தின் வாரிசுரிமை மாகாணங்களின் அதிகாரத்தில் இருந்தது. ஆகவே இச்சட்டம் அந்நிலத்தைத் தொடாது என்று 1941-இல் கூட்டாட்சி நீதிமன்றம் கூறிவிட்டது. நாவல் வெளிவந்ததோ அடுத்த ஆண்டு!

விளைவைப் பாருங்கள். கோவை நகரில் கட்டடம் வைத்துச் சென்றவனின் மனைவிக்குப் பங்கு. புன்செய்க் காடு வைத்துச் சென்றவனின் மனைவிக்குச் சோறும் துணியும் மட்டும். கவலை ஓட்டி இறைத்த கிணறும் அதன் கீழ்க் காடுமன்றி, கொங்கு உழவன் வீட்டில் வேறென்ன சொத்து?

சென்னை மாகாணம் 1947-இல் தனிச்சட்டம் இயற்றி அவ்வுரிமையை வேளாண் நிலத்துக்கும் நீட்டியது. வாழ்நாள் உரிமை முழு உரிமையானது 1956-இல். மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தமிழ்நாட்டில் 1989-இல் கிடைத்தது. அதுவும் அதற்கு முன்பே மணமானவளுக்கு இல்லை. இந்தியா முழுமைக்கும் 2005 வரை காத்திருந்தோம்.

நாவலின் முடிவில் கெட்டியப்பன் கையால் சின்னப்பன் கொலையுண்டு வீழ்கிறான். கொலை கொலைதான், நாம் மழுப்பவில்லை. ஆயின் அவ்வாண்டில் நாகம்மாள் கோவை நீதிமன்றப் படியேறி நிலத்தில் பங்கு கேட்டிருந்தால், ஜீவனாம்சம் பெற்றுக்கொள் என்றே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.