செத்த காலேஜ்

எழும்பூர் மியூசியத்துக்குச் சென்னை ஜனங்கள் இட்ட பெயர் ‘செத்த காலேஜ்’. மிருகக்காட்சிசாலைக்கு ‘உயிர் காலேஜ்’. இரண்டு பெயர்களையும் துணுக்குகளாகவும், பழைய சென்னையைப் பற்றிய கட்டுரைகளில் வேடிக்கைகளாகவும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். படிக்காதவனின் அறியாமைக்கு உதாரணமாகவே அவை எடுத்துக் காட்டப்படுகின்றன. எனக்கு அப்படிப் படவில்லை. இந்த ஸ்தாபனத்தைப் பற்றி இந்த நகரம் செய்த முதல் விமர்சனம் அது. அதைத் தாண்டி நாம் அதிக தூரம் போய்விடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

‘காலேஜ்’ என்ற சொல் காரணமில்லாமல் வந்ததல்ல. 1846-இல் மதராஸ் இலக்கியச் சங்கம் ஒரு பொருட்காட்சிசாலை வேண்டுமென்று கேட்டது. 1851-இல் எட்வர்ட் பால்ஃபோர் என்ற ராணுவ மருத்துவரின் பொறுப்பில் அது திறக்கப்பட்ட இடம், செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடி. கம்பெனி உத்தியோகஸ்தர்கள் தமிழும் தெலுங்கும் படித்த கல்லூரி அது. 1854-இல் மியூசியம் பாந்தியன் கட்டடத்துக்குப் போயிற்று; சொல்லும் கூடவே ஒட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். பாந்தியன் என்பது வெள்ளைக்காரர்கள் விருந்தும் நடனமும் நாடகமும் நடத்திய மண்டபம். கல்வி ஒரு பக்கம், கேளிக்கை ஒரு பக்கம் என்று இரண்டு வேர்கள். இன்றுவரை அந்த இரண்டுக்கும் நடுவில்தான் மியூசியம் தள்ளாடிக்கொண்டிருக்கிறது.

பால்ஃபோர் முதலில் சேர்த்தவை கற்கள். ஆயிரத்துச் சொச்சம் பாறை மாதிரிகள். எந்த மண்ணில் என்ன உலோகம், எந்தக் காட்டில் என்ன மரம் என்பது கம்பெனிக்குத் தெரிந்தாக வேண்டும். மியூசியம் முதலில் ஒரு சாம்ராஜ்யத்தின் சரக்குப் பட்டியல். சரக்குப் பட்டியலைப் பார்க்க யார் வருவார்கள்? 1855-இல் அவர் வளாகத்தில் புலியையும் சிறுத்தையையும் கட்டிப்போட்டார். கூட்டம் வந்தது. 1863-இல் மிருகங்களைப் பீப்பிள்ஸ் பார்க்குக்குக் கொண்டுபோன பிறகு, எழும்பூரில் மிஞ்சியவை பாடம் செய்த பறவைகள், எலும்புகள், கற்கள். அங்கே உயிருள்ளது, இங்கே செத்தது. ஜனங்கள் செய்த பாகுபாடு இவ்வளவு துல்லியமானது. அரசாங்கமே ஒன்றாக இருந்ததை இரண்டாகப் பிரித்தது. ஜனங்கள் அந்தப் பிரிவுக்குப் பெயர் வைத்தார்கள்.

பெயர் வைத்துவிட்டு வராமல் இருக்கவில்லை என்பதுதான் கவனிக்கத் தகுந்தது. காணும் பொங்கலன்று கட்டுசாதத்தோடு குடும்பம் குடும்பமாக வந்தார்கள். திமிங்கலத்தின் எலும்புக்கூட்டின் அடியில் குழந்தையைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார்கள். நம்மில் எத்தனை பேர் அந்த நாளில் அங்கே போயிருக்கிறோம்? நாம் அதே வளாகத்தில் இருக்கும் கன்னிமாரா நூலகத்துக்குப் போகிறவர்கள். 1896-இல் திறந்த அந்த நூலகத்துக்கும் மியூசியத்துக்கும் இடையே நடந்து கடக்கும் தூரம்தான். ஆனால் படிக்கிற ஜனம் ஒரு வாசலிலும் பார்க்கிற ஜனம் இன்னொரு வாசலிலும் நுழைந்தன. இந்த நகரத்தின் கலாசார சரித்திரத்தை இந்த இரண்டு வாசல்களை வைத்தே எழுதிவிடலாம்.

பார்க்க வந்தவர்களையே பார்க்கப்படும் பொருளாக்கிய காலமும் உண்டு. 1885 முதல் சுமார் இருபத்துமூன்று ஆண்டுகள் பொறுப்பிலிருந்த எட்கர் தர்ஸ்டன், மனிதர்களின் மண்டையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார். மியூசியத்துக்கு வந்தவர்களையும் அளந்தார். போலீஸ்காரர்களுக்கு உடலளவை முறையைக் கற்றுக்கொடுத்தார். 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய ‘தென்னிந்தியாவின் சாதிகளும் குடிகளும்’ நூலின் முன்னுரையில் ஒரு விஷயத்தைத் தமாஷாகச் சொல்கிறார். வயநாட்டில் பணியப் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடிவிட்டார்களாம். தங்களில் நல்ல உருவமுள்ளவர்களைப் பாடம் செய்து மதராஸ் மியூசியத்தில் வைக்கப் போகிறார் என்ற பயம். அது மட்டும் முடியுமானால் மாதிரி உருவங்கள் செய்யும் தொல்லை தீர்ந்துவிடுமே என்று அவர் அங்கலாய்க்கிறார். தர்ஸ்டன் இதைச் சிரிப்பதற்காக எழுதினார். ஓடிய பெண்களுக்கு அது சிரிப்பல்ல. ‘செத்த காலேஜ்’ என்ற பெயரைக் கேட்டறியாத மலைக்காட்டிலும் அதே அர்த்தம் எட்டியிருந்தது. அவர்கள் புரிந்துகொண்டதில் விவரப் பிழை இருக்கலாம்; சாரத்தில் பிழையில்லை. அளக்கப்படுகிறவன் பொருளாகிறான், பொருள் கண்ணாடிக்குப் பின்னால் போகிறது.

இனி, நமக்கு நெருக்கமான விஷயம். வெண்கல விக்ரகங்கள்.

இவற்றில் பெரும்பகுதி மண்ணிலிருந்து வந்தவை. படையெடுப்புப் பயத்தில் எப்போதோ புதைத்து வைத்த மூர்த்திகள் ஏரிலும் மண்வெட்டியிலும் தட்டுப்பட்டன. 1878-இன் புதையல் சட்டப்படி கலெக்டரிடம் போய், அங்கிருந்து எழும்பூருக்கு வந்தன. திருவாலங்காட்டு நடராஜரும் திருவெண்காட்டு அர்த்தநாரியும் இப்படிக் கோயிலைவிட்டு வந்து நிற்கிறவர்கள்தாம். கோயிலில் உற்சவ மூர்த்தியை எப்படிப் பார்க்கிறோம்? பட்டும் பூமாலையும் நகையும் போக முகம் தெரியும், கை தெரியும், அதிர்ஷ்டமிருந்தால் பாதம் தெரியும். இடுப்பின் வளைவை, தொடையின் திரட்சியை, முதுகை யாரும் பார்த்ததில்லை. சிற்பியும் அபிஷேகம் செய்த குருக்களும் தவிர. மியூசியம் துணியை எடுத்துவிட்டது. ‘உருவம்’ என்று நாம் இந்தப் பக்கங்களில் ஓயாமல் பேசுகிற விஷயம், அந்தத் துணியை எடுத்த பிறகு கண்ணில் பட்டதுதான்.

ரொதான் நடராஜரைப் பற்றி எழுதியது நம் வட்டத்தில் அடிக்கடி பெருமையோடு சொல்லப்படும் செய்தி. அவர் சென்னைக்கு வந்ததில்லை. மியூசியத்து நடராஜரின் புகைப்படங்களைப் பார்த்து 1913 வாக்கில் எழுதினார். அவர் இறந்த பின் 1921-இல் அச்சாயிற்று. கோயிலில் இருந்த மூர்த்தி மண்ணுக்குப் போய், மண்ணிலிருந்து மியூசியத்துக்கு, மியூசியத்திலிருந்து புகைப்படத்துக்கு, புகைப்படத்திலிருந்து ஒரு பிரெஞ்சுச் சிற்பியின் வார்த்தைகளுக்குப் போய், அங்கிருந்து நம் ரசனைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஆனந்த குமாரசாமி இதே காலத்தில் எழுதியதையும் சேர்த்துக்கொண்டால், சோழர் வெண்கலத்தின் முன் நமக்கு ஏற்படும் பரவசம் மரபிலிருந்து நேராக வந்தது என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமையில்லை. நம் நவீனத்துவம் மியூசியத்தில் பிறந்த குழந்தை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பிறந்த இடத்தை மறந்துவிட்டு, தூணருகில் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவனைப் பார்த்து உதட்டைச் சுழிப்பதில் நியாயமில்லை.

வெண்கலக் கூடத்தில் ஒரு வயதான அம்மாள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்ததை நான் பார்த்திருக்கிறேன். காவலர் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியின் முன்னும் நின்றாள், சீட்டைப் படிக்கவில்லை, சிலவற்றைக் கும்பிட்டாள், சிலவற்றைக் கும்பிடவில்லை. எந்த மூர்த்திக்கு உயிர் இருக்கிறது, எதற்கு இல்லை என்பதில் அவளுக்கு ஏதோ ஓர் அளவுகோல் இருந்தது. நம்முடைய அளவுகோலும் அதுபோல ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. பெயர்கள்தாம் வேறு.

ஆனால் எல்லாப் பொருள்களுக்கும் இப்படிக் கும்பிட வருகிறவர்கள் இல்லை. அமராவதிக் கற்களை எடுத்துக்கொள்ளலாம். 1797-இல் காலின் மெக்கன்சி அந்த மேட்டைப் பார்த்தார். 1845-இல் வால்டர் எலியட் தோண்டி, கற்களை மதராஸுக்கு அனுப்பினார். அவை ஆண்டுக்கணக்கில் வெட்டவெளியில் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. 1859-இல் 121 கற்கள் லண்டனுக்குக் கப்பலேறின. இன்று அவை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. பின்னால் தோண்டிக் கிடைத்தவை எழும்பூருக்கு வந்தபோது அவற்றைச் சுவரில் சிமென்ட் வைத்துப் பதித்தார்கள். சுண்ணாம்புக் கல்லுக்குச் சிமென்டின் உப்பு எமன் என்பது அப்போது தெரியாது. 1942-இல் சி. சிவராமமூர்த்தி இந்தக் கற்களைப் பற்றி எழுதிய நூல் இன்றும் நிற்கிறது. பண்டிதர்களுக்கு அது போதும். நகரத்துக்கு?

1898-இல் அயோத்திதாசர் ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். தங்கள் பூர்வ மதம் பௌத்தம் என்று ஒரு ஜனக்கூட்டம் இதே நகரத்தில் சொல்லிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், எழும்பூரில் பௌத்தம் முடிந்துபோன ஒரு மதத்தின் தொல்பொருளாகச் சுவரில் ஒட்டியிருந்தது. இரண்டுக்கும் இடையே சில மைல் தூரம். செத்தது எது, உயிருள்ளது எது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதுதான் இங்கே கேள்வி. பட்டிப்ரோலு ஸ்தூபத்தில் அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்து மதராஸ் மியூசியத்துக்கு வந்த புத்ததாது 1920-இல் கல்கத்தாவில் மகாபோதி சங்கத்தின் விகாரையில் பிரதிஷ்டை செய்யப்பட்டது. தாது வழிபாட்டுக்குத் திரும்பிற்று. அது இருந்த பேழைகள் மியூசியத்தோடு நின்றன. எலும்பு உயிர் காலேஜுக்குப் போய்விட்டது, பெட்டி செத்த காலேஜில் இருக்கிறது. இதைவிடத் தெளிவாக அந்தப் பெயருக்கு யாரும் பொழிப்புரை எழுத முடியாது.

மியூசியத்துக்கு நகரமே கொண்டுவந்து போட்ட ஒரு பொருளும் உண்டு. கர்னல் நீலின் சிலை. 1857-இல் அலகாபாத்திலும் கான்பூரிலும் கணக்கில்லாமல் தூக்கிலிட்ட மனிதன், மவுண்ட் ரோட்டில் வீரனாக நின்றுகொண்டிருந்தான். 1927-இல் சிலையை அகற்றக் கோரிச் சத்தியாக்கிரகம் நடந்தது. தொண்டர்கள் சிறை சென்றார்கள். 1937-இல் ராஜாஜி மந்திரிசபை வந்த பிறகு சிலை பீடத்திலிருந்து இறங்கி மியூசியத்துக்குப் போனது. தோண்டியவன், சேகரித்தவன், அளந்தவன் என்று யாரும் இல்லாமல், தெருவில் நின்று கத்தியவர்களால் மியூசியத்துக்கு வந்த பொருள் இது. உடைத்துப் போடவும் இல்லை, வைத்துக் கும்பிடவும் இல்லை. வெறுப்பை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு இந்த நகரம் கண்டுபிடித்த விடை மியூசியம். நான் போன போதெல்லாம் அதன் முன் யாரும் நின்று பார்க்கவில்லை. மாலையும் இல்லை, கல்லும் இல்லை. சரித்திரம் ஆறிப்போவதற்கு ஓரிடம் வேண்டும். செத்த காலேஜ் என்ற சொல்லின் நல்ல அர்த்தம் இங்கேதான் எனக்குப் புரிந்தது. சில விஷயங்கள் சாகத்தான் வேண்டும்.

1985-இல் மூர் மார்க்கெட் எரிந்தது. பழைய புத்தகக் கடைகளுக்காக நம்மில் மூத்தவர்கள் இன்னும் துக்கம் காக்கிறார்கள். அதே ஆண்டு உயிர் காலேஜும் வண்டலூருக்குப் போய்விட்டது. சொல்லின் ஒரு பாதி போனதும் மறு பாதியும் தேய்ந்தது. இன்று சின்னப் பையன்களிடம் செத்த காலேஜ் என்றால் விழிக்கிறார்கள்.

இப்போது புதுவகை மியூசியங்கள் வந்திருக்கின்றன. 2023-இல் கீழடியில் ஒன்று திறந்தார்கள். ஆதிச்சநல்லூரில் தோண்டிய குழியின் மேலேயே கண்ணாடி போட்டுப் பார்க்க வழி செய்திருக்கிறார்கள். 1876-இல் ஆதிச்சநல்லூரில் ஜாகோர் எடுத்தவை பெர்லினுக்கும், பின்னால் ரீ எடுத்தவை எழும்பூருக்கும் போன கதையை நினைத்தால், பொருள் கிடைத்த ஊரிலேயே நிற்பது நியாயமான காரியம். மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே போகிற கூட்டத்துக்கும் காணும் பொங்கல் கூட்டத்துக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. திமிங்கலத்தின் கீழ் நின்றவனுக்கு விடை தெரியாது. பெருமைக்கான தேவையும் இல்லை. ‘இதென்ன?’ என்றுதான் அவன் கேட்டான். புதிய மியூசியத்துக்கு நாம் விடையோடு போகிறோம். ‘நாம் தொன்மையானவர்கள்’ என்ற விடை. ஒவ்வொரு பானை ஓடும் அதற்கு ஆமாம் போட வேண்டும். ஆமாம் போடாத ஓட்டை யாரும் பார்ப்பதில்லை. தர்ஸ்டன் நம்மை அளந்தார். இப்போது நாமே நம்மை அளந்து, அளவு பெரிதாக வர வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். கருவி கைமாறியிருக்கிறது, அவ்வளவுதான். இது எழுத்திலும் நடக்கிற காரியம் என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

மியூசியம் நகரத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், பெரிய திட்டங்கள் என்னிடம் இல்லை. ஒரு சின்ன விஷயம் உண்டு. ஒவ்வொரு பொருளின் கீழும் ஒரு சீட்டு இருக்கிறது. ஊர், நூற்றாண்டு, உலோகம் அல்லது கல். அதோடு இன்னொரு வரியும் தமிழில் சேர வேண்டும்: இது இங்கே எப்படி வந்தது. யார் நிலத்தில் கிடைத்தது, யார் எடுத்தார், எந்தச் சட்டப்படி வந்தது, இதன் கூட்டாளிகள் இப்போது எங்கே இருக்கிறார்கள். அமராவதிக் கல்லின் கீழ் லண்டன் போன 121 கற்களைப் பற்றி இருக்கட்டும். நீலின் சிலையின் கீழ் சிறைக்குப் போனவர்களைப் பற்றி இருக்கட்டும். மானுடவியல் கூடத்தில், வயநாட்டில் ஓடிய பெண்களைப் பற்றி இருக்கட்டும். காணும் பொங்கலுக்கு வருகிறவன் கதை கேட்கிறவன். படிக்கத் தெரிந்தவன் பக்கத்திலிருப்பவனுக்குப் படித்துச் சொல்வான். அந்த வரிகளை எழுத ஆள் வேண்டுமென்றால், பக்கத்து நூலகத்தில் உட்கார்ந்திருக்கும் நாம் எழுந்து வரலாம். வாசல் தூரமில்லை.