கூப்பன் புத்தகத்தில் இருந்து கியூஆர் வரைக்கும்: வரிசையின் வரலாறு

சீனன்குடா எண்டால் முதலில் ஞாபகத்துக்கு வாறது காட்டுக்குள்ள நிற்கிற எண்ணெய்க் குதங்கள் தான். பிரித்தானியர் கட்டியவை, இன்று 99 இருக்கின்றன. ஒரு குதத்தில் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர், அதாவது ஒரு கோடியே இருபது லட்சம் லீற்றர் பிடிக்கும். 2022இல் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் எண்டு அளந்து தந்தார்கள். அந்தக் கணக்கில் ஒரு குதம் நிரம்பியிருந்தால் 30 லட்சம் மோட்டார் சைக்கிள்களுக்கு ஒரு கிழமைக்குக் காணும். ஆனால் குதம் இருக்கிறதும் எண்ணெய் இருக்கிறதும் ஒன்றில்லை. அந்த வருசம் திருகோணமலைச் சனமும் வரிசையில் தான் நிண்டது.

வரிசை இரண்டு வகை. இதைப் பிரித்து விளங்கினால் தான் மிச்சக் கதை விளங்கும்.

முதல் வகை சுப்பர் மார்க்கெட்டில் காசு கட்டுகிற இடத்து வரிசை. சாமான் இருக்கு, காசாளர் தான் காணாது. இந்த வரிசைக்கு வயது பெரிதில்லை. 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சோண்டர்ஸ் என்பவர் ஒரு கடை திறந்தார். வாடிக்கையாளர் தானே தட்டில் இருந்து எடுத்து, வாசலடியில் காசு கட்டிவிட்டுப் போகவேண்டும். அதற்கு முதல் முதலாளியோ வேலையாளோ தான் எடுத்துக் கொடுப்பார்கள். இந்த வரிசைக்கான கணக்கு வேறோரிடத்தில் பிறந்தது. கோபன்ஹேகனில் தொலைபேசி அழைப்புகள் நெரிபடுவதைப் பார்த்து, 1909இல் ஏர்லாங் எண்ட பொறியியலாளர் அதை எழுதத் தொடங்கினார். 1961இல் ஜோன் லிட்டில் ஒரு எளிய விதியை நிறுவினார்: நிமிடத்துக்கு இரண்டு பேர் வந்து, ஒவ்வொருவரும் பத்து நிமிடம் காத்திருந்தால், வரிசையில் சராசரியாக இருபது பேர் நிற்பார்கள். இந்த வரிசையைக் குறைக்க வழி தெரியும். இன்னொரு கவுண்டரைத் திறக்கலாம். கவுண்டருக்கு ஒரு வரிசை எண்டு இல்லாமல் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே வரிசை விடலாம். அப்போது முன்னால் நிற்கிற ஒருவர் சில்லறை தேடிக்கொண்டு நிண்டாலும் பின்னால் உள்ளவரின் முறை பிழைக்காது.

இரண்டாவது வகையில் சாமானே காணாது. அங்கே இன்னொரு பம்பைத் திறந்தால் என்ன நடக்கும்? பெற்றோல் செட் இன்னும் கெதியாக வெறுமையாகும். அவ்வளவுதான். இந்த வரிசையைக் கலைக்கச் சாமானைக் கொண்டுவர வேண்டும். முடியாவிட்டால் இரண்டு வழி தான்: ஆளுக்கு அளந்து கொடுப்பது, அல்லது விலையை ஏற்றுவது. இலங்கை இரண்டையும் செய்து பார்த்த நாடு.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்தது. பர்மா அரிசியை நம்பியிருந்த இலங்கைக்கு அது பெரிய அடி. ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. சீனன்குடா விமானத்தளமும் தப்பவில்லை. எண்ணெய்க் குதம் ஒன்றும் எரிந்தது. அதே வருசம் அரிசிப் பங்கீடு வந்தது. கூப்பன் புத்தகமும் ஊர் ஊராகப் பெருகின சங்கக்கடையும் அந்தக் காலத்துப் பிள்ளைகள். துறைமுகத்தில் குண்டு போட்டதும் குசினியில் அரிசியை அளந்ததும் ஒரே போரின் இரண்டு முகம்.

1953இல் அரசாங்கம் மற்ற வழியைப் பிடித்தது. பங்கீட்டு அரிசி ஒரு கொத்து 25 சதத்தில் இருந்து 70 சதமாக ஏறியது. ஓகஸ்ட் 12 ஹர்த்தால் நாட்டை நிறுத்தியது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். 1970களில் திரும்பவும் தட்டுப்பாடு. விடியப்புறம் பாணுக்கு வரிசை. அந்த வரிசைகளின் கோபமும் சேர்ந்துதான் 1977 தேர்தலில் சிறிமாவோவின் கட்சியை 168 ஆசனங்களில் எட்டுக்கு இறக்கியது.

2022க்கு வருவோம். மார்ச்சில் எரிபொருள் வரிசைகளில் நிண்ட முதியவர்கள் இறந்துபோனார்கள். பெற்றோல் செட்டுகளுக்கு இராணுவம் அனுப்பப்பட்டது. வரிசை நீண்டதற்குத் தட்டுப்பாடு மட்டும் காரணமில்லை. நாளைக்கு இருக்காது எண்ட பயத்தில் அரைத் தாங்கி இருந்தவரும் வந்து நிண்டார். கோட்டாபய பதவி விலகி இரண்டு நாளில், ஜூலை 16, கியூஆர் அட்டை அறிவிக்கப்பட்டது. வாகனத்தைப் பதிந்தால் கிழமைக்கு இவ்வளவு: மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. இலக்கத் தகட்டின் கடைசி எண்ணை வைத்து நாள். இறக்குமதியும் மெல்லத் திரும்ப, வரிசை கலைந்தது. என் பங்கு எனக்கு இருக்கு எண்டு தெரிந்தால் இரவிரவாக நிற்கத் தேவையில்லை. 1942இன் கூப்பன் புத்தகம் தான் போனுக்குள்ள திரும்பி வந்தது. 2023 செப்டெம்பர் 1 முதல் அது கைவிடப்பட்டது.

ஆனால் மண்ணெண்ணெய்க்கு நடந்தது வேறு. 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாயாக ஏறியது. அடுப்புக்கும் படகு இயந்திரத்துக்கும் அதை நம்பின சனத்தின் தலையில் அது விழுந்தது.

வரிசையில் நிற்கிறவர் நேரத்தால் விலை கொடுக்கிறார். மாதச் சம்பளக்காரருக்கு அது அலுப்பு; ஓட்டோக்காரருக்கும் கூலிக்குப் போறவருக்கும் அது அண்டைய சாப்பாடு. அளந்து கொடுத்தால் அந்தச் சுமை கொஞ்சமாவது பகிரப்படுகிறது. விலையை ஏற்றினாலும் வரிசை குறையும், ஆனால் அதிலிருந்து கழன்று போனவரை ஒருவரும் எண்ணுவதில்லை. அதனால் ‘இப்ப வரிசையே இல்லை’ எண்டு யாராவது பெருமையாகச் சொன்னால் ஒன்றைக் கேளுங்கள்: சனம் சாமானை வாங்கிக்கொண்டு போனதா, வாங்க ஏலாமல் போனதா?