வண்டி டைனமோவும் ஊர்வல வெளிச்சமும்

ஆரணி, திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் உள்ள நகராட்சி. பட்டுச் சேலைக்கும் அரிசிக்கும் பெயர் பெற்றது. கல்யாண வீட்டார் ஜவுளி எடுக்க வரும் இந்த ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும் ஒரு சிறிய சரக்கு வண்டியின் வேலை சரக்கு ஏற்றுவதோடு முடிவதில்லை. பகலில் நெல் மூட்டையும் நூல் மூட்டையும் ஏற்றும் வண்டியே இரவில் மாப்பிள்ளை அழைப்புக்கும் சாமி ஊர்வலத்துக்கும் சீரியல் விளக்கும் ஒலிபெருக்கியும் கட்டிக்கொண்டு புறப்படுகிறது. ஆடி வெள்ளிகளில் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குக் கூட்டம் போகும்போதும் அப்படித்தான். இவற்றுக்கெல்லாம் மின்சாரம் வண்டியிலிருந்தே கிடைக்குமா என்ற கேள்வியிலிருந்துதான் 'பெரிய டைனமோ போடுவது' என்னும் வழக்கம் பிறந்தது. தமிழ்நாட்டின் எந்தச் சிறு நகரத்துக்கும் பொருந்தும் வரலாறு இது.

ஆள் சுமந்த வெளிச்சம்

வண்டி மின்சாரத்துக்கு முன் ஊர்வலத்துக்கு வெளிச்சம் தந்தவை தீவட்டியும், பிறகு பெட்ரோமாக்ஸ் விளக்கும். மண்ணெண்ணெயை அழுத்தத்தில் ஆவியாக்கி, வலைத்திரியை வெண்ணிறமாக ஒளிரச் செய்யும் இந்த விளக்கு, பெர்லினைச் சேர்ந்த மேக்ஸ் கிரேட்ஸின் நிறுவனத்தில் உருவானது. வலைத்திரிக்குத் தோரியம் தேவை. அது கிடைக்கும் மோனசைட் மணலை, 1909இல் கன்னியாகுமரிக் கடற்கரையில் மணவாளக்குறிச்சியில் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். தென்கோடித் தமிழ் மணல் ஜெர்மனிக்குப் போய் விளக்குத் திரியானது என்பது பலர் அறியாத செய்தி.

விளக்கு தானாக நடந்து வராது. கூலிக்கு வந்தவர்கள் தலையில் சும்மாடு வைத்துச் சுமந்தார்கள். தலைக்கு மேல் சூடு, காதருகே இரைச்சல், கால் செருப்பில்லாமல் மூன்று நான்கு மணி நேர நடை. பின்னாளில் தள்ளுவண்டியில் ஜெனரேட்டர் வந்தபோதும் விளக்குத் தூக்குபவர் மறையவில்லை. தலையில் குழல்விளக்குக் கொத்து, ஒருவரிலிருந்து அடுத்தவருக்கு ஓடும் ஒயர், கடைசியில் உறுமும் ஜெனரேட்டர் என்று வரிசை மாறியது. மண்ணெண்ணெய்ச் சூடு போய், 230 வோல்ட் ஒயர் தோளோடு உரசும் ஆபத்து வந்தது. மழை பெய்த இரவுகளில் அது சிறிய ஆபத்தல்ல.

டைனமோ காலம்

மோட்டார் வண்டிக்குள் மின்சாரம் முழுமையாக நுழைந்தது 1912இல். சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின்சார ஸ்டார்ட்டர் அந்த ஆண்டு கேடிலாக் கார்களில் பொருத்தப்பட்டது. கைப்பிடி சுழற்றும் வேலை போனது. பதிலுக்குப் பேட்டரியும் அதற்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவும் கட்டாயமாயின.

டைனமோவில் மின்சாரம் உருவாகும் சுருள் சுழலும் பகுதியில் இருக்கிறது. உருவாகும் மின்சாரம் முழுவதும் காமுடேட்டர் வழியாகவும் கார்பன் பிரஷ் வழியாகவும்தான் வெளியே வரவேண்டும். எனவே பிரஷ் சீக்கிரம் தேயும். அதிக வேகத்தில் சுழற்றவும் முடியாது. இன்ஜின் மெதுவாக ஓடும்போது டைனமோ ஏறக்குறைய ஒன்றுமே தராது. அந்த நேரத்தில் பேட்டரியிலிருந்து மின்சாரம் திரும்பி வந்துவிடாமல் தடுக்க 'கட்-அவுட்' என்ற ரிலே இருந்தது.

பிரிட்டிஷ் நடுத்தரக் கார்களில் பரவலாக இருந்த லூக்கஸ் சி40 வகை டைனமோவின் அளவு சுமார் 22 ஆம்பியர். முகப்பு விளக்கு இரண்டுக்கும் இக்னிஷன் காயிலுக்கும் பின்விளக்குக்கும் கொடுத்ததுபோக மிஞ்சுவது ஐந்தாறு ஆம்பியர்தான். இதில் ஒலிபெருக்கி எப்படி ஓடியது? வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு 200 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். வைப்ரேட்டர் என்னும் அதிரும் கருவியால் பேட்டரி மின்சாரத்தை மாற்றி ஏற்றினார்கள். அதில் பெரும்பகுதி சூடாகவே வீணானது. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் வந்தபின் 12 வோல்ட் பேட்டரியிலேயே நேராக ஓட்ட முடிந்தது. வாடகைக் காரில் கூம்பு ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாகச் சினிமா விளம்பரமும் தேர்தல் பிரசாரமும் செய்வது மலிவானது அதன் பிறகே.

ஆல்டர்னேட்டர் வருகை

1960ஆம் ஆண்டு வேலியன்ட் காரில் கிரைஸ்லர் நிறுவனம் ஆல்டர்னேட்டரை வழக்கமான உறுப்பாகவே பொருத்தி விற்றது. தமிழில் மாறுதிசை மின்னாக்கி எனப்படும் இதன் கொள்கை பழையது. மாறுதிசை மின்சாரத்தைப் பேட்டரி ஏற்காது என்பதே தடையாக இருந்தது. சிறிய, மலிவான சிலிக்கன் டையோடு அந்தத் தடையை நீக்கியது. இங்கே மின்சாரம் உருவாகும் சுருள் நிலையாக நிற்கிறது, காந்தம் சுழல்கிறது. பிரஷ் வழியாகப் போவது காந்தத்தை ஊட்டும் சில ஆம்பியர் மட்டுமே. எனவே தேய்மானம் குறைவு. சிறிய புல்லி போட்டு இன்ஜினைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகமாகச் சுழற்றலாம் என்பதால் இன்ஜின் மெதுவாக ஓடும்போதும் ஓரளவு மின்சாரம் கிடைக்கும்.

சென்னை பாடியில் 1961இல் தொடங்கப்பட்ட லூக்கஸ் டிவிஎஸ் நிறுவனம், வண்டி மின்கருவி உற்பத்தியைத் தமிழ்நாட்டிலேயே நிலைநிறுத்தியது. ஆல்டர்னேட்டர் இங்கே பொதுவழக்கானதும் பழைய பட்டறைப் பழக்கம் ஒன்று தொல்லை கொடுத்தது. டைனமோ வண்டியில் பேட்டரியை மாற்றி இணைத்தாலும் டைனமோ பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்; புதிய திசையில் காந்தம் ஏற்றிக்கொண்டு வேலை செய்யும். ஆல்டர்னேட்டரில் அப்படி ஒரு முறை செய்தாலே டையோடு எரிந்துவிடும். 'சார்ஜ் ஏறுகிறதா' என்று பார்க்க இன்ஜின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றும் சோதனையும் அப்படித்தான். டைனமோவில் செல்லுபடியான கைவித்தை, ஆல்டர்னேட்டரில் டையோடையும் ரெகுலேட்டரையும் காவு வாங்கியது. கருவி மாறியும் பெயர் மாறவில்லை. ஆல்டர்னேட்டரையும் டைனமோ என்றே சொல்லும் மெக்கானிக்குகள் இன்றும் உண்டு.

குட்டி யானை

2005 மே மாதம் டாடா ஏஸ் வண்டி வந்தது. 702 சிசி, இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின், 16 குதிரைத்திறன், முக்கால் டன் சுமை. தமிழ்நாட்டில் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் விழுந்தது. சந்துக்குள் நுழையும், தவணையில் கிடைக்கும், முகூர்த்த நாளில் இரவு வாடகையும் தரும் என்பதால் சிறு முதலாளிகளை உருவாக்கிய வண்டி இது. அவர்களில் பலருக்குத் தோன்றிய யோசனை, தனி ஜெனரேட்டருக்கு வாடகை கொடுப்பதற்குப் பதில் வண்டியிலேயே பெரிய டைனமோ போட்டுவிடலாம் என்பது.

யோசனையில் ஓர் ஓட்டை இருந்தது. ஆல்டர்னேட்டர் மேல் எழுதியிருக்கும் ஆம்பியர் அளவு, அது நிமிடத்துக்கு 6000 சுற்று சுழலும்போது தரும் அளவு. ஊர்வலத்தில் வண்டி நடக்கும் வேகத்தில் நகர்கிறது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தீபாராதனைக்கு நிற்கிறது. அப்போது ஆல்டர்னேட்டர் 2000 சுற்று சுழன்றாலே அதிகம். கிடைப்பது எழுதியதில் பாதியோ அதற்கும் குறைவோதான். சூடேறினால் இன்னும் குறையும். நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்குச் சரியான கணக்கு, மாடவீதியில் ஊரும் வண்டிக்குச் சரியல்ல.

பட்டறையில் செய்த மாற்றங்களில் சில நிலைமையை மோசமாக்கின. சுருளைத் தடித்த கம்பியில் குறைந்த சுற்றுகளாக ரீவைண்டிங் செய்தால் உச்ச அளவு கூடும். ஆனால் மின்சாரம் தரத் தொடங்கும் வேகமும் கூடிவிடும். மெதுவாக ஓடும்போது முன்பு கிடைத்ததுகூடக் கிடைக்காது. ஸ்டார் இணைப்பை டெல்டாவாக மாற்றினாலும் இதே கதைதான். ஊர்வல வண்டிக்கு வேண்டியது இதற்கு நேர்மாறானது.

ஒரு கணக்குப் போட்டால் விளங்கும். விளக்கும் பாட்டும் சேர்ந்து 50 ஆம்பியர் இழுக்கின்றன. நின்ற வண்டி அதற்கு 20 ஆம்பியர் தருகிறது என்று கொள்வோம். மீதி 30 ஆம்பியர் பேட்டரியிலிருந்து போகும். 65 ஆம்பியர்-மணி பேட்டரி காகிதக் கணக்கில் இரண்டு மணி நேரம் தாங்கும். நடைமுறையில் அதற்கு முன்பே விளக்கு மங்கும். இன்ஜின் ஒரு முறை நின்றால் பிறகு செல்ஃப் எடுக்காது. சாமியை வைத்துக்கொண்டு வண்டியைத் தள்ள வேண்டியதுதான்! ஸ்டார்ட் செய்வதற்கென்று உருவான பேட்டரியை இப்படி அடிக்கடி வற்ற வைத்தால் ஆயுளும் பாதியாகும்.

உண்மையான அபாயம் ஒயரில் இருந்தது. 12 வோல்ட்டில் 1000 வாட் இன்வெர்ட்டர் ஓட 80 ஆம்பியருக்கு மேல் வேண்டும். பெரிய ஆல்டர்னேட்டரை மாட்டியவர்கள் அதிலிருந்து பேட்டரிக்குப் போகும் ஒயரைப் பழைய தடிமனிலேயே விட்டார்கள்; உருகிப் போகும் ஃபியூஸ் இருந்த இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றினார்கள். ஒயர் உறை உருகி, பக்கத்தில் எரிபொருள் குழாய் இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பெல்ட் வழுக்குகிறதே என்று இறுக்கியதில் வாட்டர் பம்ப் பேரிங் போன வண்டிகளும் உண்டு. 100 ஆம்பியர் எடுக்க இன்ஜினிலிருந்து மூன்று குதிரைத்திறனுக்கு மேல் போகும். 16 குதிரைத்திறன் வண்டிக்கு அது சின்ன வரியல்ல. தவணை பாக்கியுள்ள வண்டி முகூர்த்த மாதத்தில் பட்டறையில் நின்றால் அந்த மாத வருமானமே போயிற்று.

சட்டமும் நெருங்கியது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்தின. தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறான திருத்தங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கூறியது.

எல்இடி

சிக்கலைத் தீர்த்தது பெரிய டைனமோ அல்ல, சிறிய விளக்கு. ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகள் உருவாக்கிய நீல எல்இடி, 2014இல் அவர்களுக்கு நோபல் பரிசு பெற்றுத் தந்தது. வெள்ளை எல்இடி விளக்குக்கு வழிவகுத்ததும் அதுவே. 15 வாட் வண்ண பல்பு 40 போட்டால் 600 வாட். 12 வோல்ட்டில் 50 ஆம்பியர். அதே நாற்பதையும் ஒரு வாட் எல்இடியாகப் போட்டால் மூன்றரை ஆம்பியர்கூட ஆகாது. கம்பெனி கொடுத்த ஆல்டர்னேட்டரே, வண்டி நிற்கும்போதும், அதற்குப் போதும். ஆம்ப்ளிஃபயருக்குத் தனியாக இரண்டாவது பேட்டரி வைத்து, வீட்டிலேயே சார்ஜ் ஏற்றிக்கொண்டு வருவது இப்போது பட்டறைகளில் சொல்லும் வழி. விளக்குத் தூக்குபவர்களின் வரிசையும் இதே காலத்தில் சுருங்கியது. தலைச்சுமை இறங்கியது நல்லதுதான். அந்தக் கூலியும் அதோடு போனது.