காலுக்கு ஏது கண்?

கை இரண்டும் வேலையாய் இருக்கும்போதுதான் மூக்கு அரிக்கும் என்பது அனுபவஸ்தர்கள் கண்ட உண்மை. சங்கீத வித்துவான்களுக்கும் இந்தச் சங்கடம் உண்டு. மூக்கு விஷயம் இருக்கட்டும். வாசித்துக்கொண்டிருக்கிற வாத்தியத்தின் குரலையே பாட்டுக்கு நடுவில் மாற்ற வேண்டியிருந்தால் என்ன செய்வது? இடக்கை தந்தியை அழுத்திக்கொண்டிருக்கிறது, வலக்கை மீட்டிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது கையைப் பிரம்மதேவன் கொடுக்கவில்லை. மனிதன் குனிந்து பார்த்தான். அங்கே இரண்டு கால்கள் சும்மா நின்றுகொண்டிருந்தன. அவற்றுக்கும் ஒரு வேலை கொடுத்தான். அந்த வேலையின் சரித்திரத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

எனக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது. தெரியாதவனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். கொலை செய்யாமலே கொலைக் கதை எழுதுகிற கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். என்னிடம் இந்தக் கேள்வி செல்லாது. தவிர, இந்தச் சரித்திரத்தில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. இதில் ராஜாக்கள் இல்லை, படையெடுப்பு இல்லை. பழுதான ஒரு பெட்டி, கிழிந்த ஒரு ஒலிபெருக்கி, வீட்டு மேஜைமேல் ஈயப்பற்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதன் - இவ்வளவுதான். ஆனாலும் உலகம் கேட்கிற சங்கீதத்தின் குரலை இவர்கள்தாம் மாற்றினார்கள்.

காலுக்குச் சங்கீதம் புதிதல்ல. ஐரோப்பிய தேவாலயங்களின் பெரிய ஆர்கன் வாத்தியத்தில் காலால் வாசிப்பதற்கென்றே ஒரு வரிசைக் கட்டைகள் உண்டு. பாக் என்ற ஜெர்மானிய மேதை அவற்றுக்காகவே தனியாக ஸ்வரங்கள் எழுதினார். பிரெஞ்சு வாத்தியத் தச்சரான செபாஸ்டியன் எரார் 1810-ல் காப்புரிமை பெற்ற ஹார்ப் வாத்தியம் இன்னும் வேடிக்கையானது. ஸ்வரத்துக்கு ஒன்றாக ஏழு மிதிகட்டைகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று படிகள். ஒரு படி மிதித்தால் அந்த ஸ்வரம் அரை ஸ்வரம் ஏறும். இன்னொரு படி மிதித்தால் இன்னும் அரை ஏறும். அந்தப் படிகளைக் காலே தடவிப் பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்ளும்; வாசிக்கும் அம்மாள் குனிந்து பார்க்க வேண்டியதில்லை. தறியில் உட்கார்ந்த நெசவாளி மிதிகட்டையைப் பார்த்தா மிதிக்கிறார்? அவர் கண் நூலில் இருக்கிறது. வாசகர்கள் இந்த விஷயத்தை மனத்தில் முடிந்துவைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது வேண்டியிருக்கும்.

இனி கித்தாருக்கு வருவோம். ஜார்ஜ் பிஷாம் என்பவர் வகுத்த அமைப்பில் ரிக்கன்பாக்கர் கம்பெனி 1932-ல் மின்சார கித்தாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தந்தியின் அதிர்ச்சியை ஒரு காந்தமும் கம்பிச்சுருளும் மின்சாரமாக மாற்றின. ஒலிபெருக்கி அதைத் திரும்பவும் ஒலியாக்கியது. அன்றைக்கு இதன் நோக்கம், கூட்டத்தில் கித்தாரின் சத்தம் காதில் விழ வேண்டும் என்பது மட்டும்தான். ஆனால் தந்திக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே ஒரு கம்பி ஓடுகிறதே, அந்தக் கம்பியில் வழிமறித்து எதையாவது செய்யலாம் என்ற யோசனை சீக்கிரமே வந்துவிட்டது. 1940-களில் டிஆர்மண்ட் கம்பெனி வெளியிட்ட ஒரு பெட்டிக்குள்ளே, மின்சாரம் கடத்தும் திரவம் நிறைந்த சிறு குப்பி இருந்தது. ஒரு மோட்டார் அதைக் குலுக்கும். திரவம் அலம்ப அலம்ப, கித்தாரின் ஒலியும் ஏறி இறங்கி நடுங்கும். மருந்துக் குப்பியைக் குலுக்கிச் சங்கீதம் உண்டாக்கிய காலம் அது!

அப்புறம் வந்தது பழுதுகளின் காலம். லிங்க் ரே என்ற அமெரிக்கர், 1958-ல் வெளியான 'ரம்பிள்' என்ற இசைத் தட்டுக்காக ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பைப் பென்சிலால் குத்திக் கிழித்தார் என்பது பிரசித்தம். ஆனால் பெரிய திருப்பம் நாஷ்வில் நகரத்தில், 1960-ஆம் வருஷக் கடைசியில் நடந்த ஓர் ஒலிப்பதிவில் ஏற்பட்டது. மார்ட்டி ராபின்ஸ் பாடினார். கிரேடி மார்ட்டின் ஆறு தந்தி பேஸ் கித்தார் வாசித்தார். அவருடைய ஒலி சென்ற வழியில் ஒலிக்கலவை மேஜையில் இருந்த டிரான்ஸ்பார்மர் ஒன்று கோளாறாகிவிட்டது. தேன் மாதிரி வர வேண்டிய ஒலி, வண்டு ரீங்காரம் செய்வதுபோல் கரகரவென்று வந்தது. வேறு யாராவது இருந்தால் பதிவை நிறுத்திவிட்டுப் பழுது பார்க்கிறவரைக் கூப்பிட்டிருப்பார்கள். இவர்கள் அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள். 'டோன்ட் வொரி' என்ற அந்தப் பாட்டு 1961-ல் அமெரிக்க நாட்டுப்பாடல் வரிசையில் பத்து வாரம் முதலிடத்தில் நின்றது!

அங்கே இஞ்சினியராக இருந்தவர் கிளென் ஸ்னாடி. பழுதான பெட்டி எத்தனை நாளைக்குப் பழுதாகவே ஒழுங்காக இருக்கும்? பழுதிலும் ஒரு நிச்சயம் வேண்டும் அல்லவா? ஸ்னாடி, ரெவிஸ் ஹாப்ஸ் என்ற இன்னோர் இஞ்சினியருடன் சேர்ந்து, அதே கரகரப்பை டிரான்ஸிஸ்டர்களால் வேண்டும்போது வரவழைக்கும் ஒரு சிறு பெட்டியை வகுத்தார். கிப்ஸன் கம்பெனி அதை வாங்கி, 1962-ல் 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்ற பெயரில் விற்றது. ஆப்புக் கட்டை போன்ற பெட்டி. மேலே ஒரு பொத்தான். காலால் மிதித்தால் கரகரப்பு. மறுபடி மிதித்தால் பழைய குரல். கித்தார்க்காரனின் கால் அன்றைக்குத்தான் உத்தியோகத்தில் அமர்ந்தது.

கம்பெனியோ, இது கித்தாரை டிரம்பெட் மாதிரியும் செல்லோ மாதிரியும் பேசவைக்கும் என்று விளம்பரம் செய்தது. ஜனங்கள் நம்பவில்லை, முதல் வேகத்துக்குப் பிறகு விற்பனை படுத்துவிட்டது. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ், 'சாட்டிஸ்ஃபாக்ஷன்' பாட்டில் பித்தளை வாத்தியங்கள் வர வேண்டிய இடத்தை அடையாளம் காட்டுவதற்காக இந்தப் பெட்டியை மிதித்து வாசித்துவைத்தார். அடையாளத்துக்கு வைத்ததே பாட்டாகிவிட்டது. கடைகளில் கிடந்த பெட்டிகளெல்லாம் அந்த வருஷமே விற்றுத் தீர்ந்தன. கதை எழுதுகிறவர்களுக்கு இது புரியும். கதாநாயகனுக்குக் கதவைத் திறந்துவிடுவதற்காக ஒரு வேலைக்காரனைக் கொண்டுவருவோம்; அவன் கதையையே தூக்கிக்கொண்டு போய்விடுவான்!

அடுத்த வருஷம் இன்னோர் அதிசயம். கலிபோர்னியாவில் தாமஸ் ஆர்கன் கம்பெனியில் பிராட் பிளங்கெட் என்ற இளம் இஞ்சினியர், ஆம்ப்ளிபையரில் இருந்த விலை உயர்ந்த ஒரு சுவிட்சுக்குப் பதிலாக மலிவான ஒரு திருகியை வைக்கச் செலவுக் குறைப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். திருகியைத் திருப்பும்போது, குழந்தை அழுகிற மாதிரி 'வா... வா...' என்று ஒலி எழுந்தது. வாசிக்கிறவன் கையால் இதைத் திருப்ப முடியுமா? பக்கத்தில் ஆர்கனுக்கு ஒலி ஏற்றி இறக்கும் மிதிகட்டை ஒன்று கிடந்தது. அதற்குள் திருகியைப் பொருத்தினார்கள். 1967-ல் 'வா-வா' பெடல் கடைக்கு வந்தது. ஃபஸ்-டோனை உதைக்கத்தான் முடிந்தது. இதில் காலுக்குப் பாவமும் கமகமும் வந்துவிட்டன. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இதை மிதித்து வாசித்ததைக் கேட்டவர்கள், கித்தார் பேசுகிறது என்றே சொன்னார்கள்.

ஒரு பெட்டி இரண்டாயிற்று, இரண்டு ஐந்தாயிற்று. ஜப்பானில் ராலண்டு கம்பெனியார் 1977 முதல் 'பாஸ்' என்ற பெயரில் கையடக்கமான வர்ணப் பெட்டிகளை வரிசையாக வெளியிட்டார்கள். மேடையில் கித்தார்க்காரன் காலடியில் ஒரு நவராத்திரிக் கொலுவே உட்கார்ந்துவிட்டது. சங்கடமும் கூடவே வந்தது. பல்லவியிலிருந்து தனி வாசிப்புக்குப் போகும்போது ஒரு பெட்டியை அணைத்து, இரண்டை ஏற்ற வேண்டும். நிமிஷத்துக்கு 120 தாளம் போகிற பாட்டில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே அரை செகண்டுதான் இருக்கிறது. அதற்குள் மூன்று மிதி! வாத்தியக்காரன் நர்த்தனம் ஆடினான். தலை கவிழ்ந்தது, கண் தரையில் பதிந்தது. 1990-ஐ ஒட்டி இங்கிலாந்தில் இப்படித் தரையையே பார்த்துக்கொண்டு வாசித்த குழுவினருக்கு, 'பூட்ஸைப் பார்ப்பவர்கள்' என்று பொருள்படும்படி பத்திரிகைகள் பரிகாசப் பெயர் வைத்தன. எதிரே ஆயிரம் முகங்கள். இவன் பார்த்ததோ தன் பூட்ஸை!

இதற்குப் பரிகாரம் தேடியவர்களில் இருவரைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் பீட் கார்னிஷ், 1970-களில் பெட்டிகளையெல்லாம் ஒரே பலகையில் ஒழுங்காகப் பொருத்தி, நீண்ட கம்பியில் ஒலியின் கூர்மை தேய்ந்து போகாமலும் வழி செய்தார். அமெரிக்காவில் பாப் பிராட்ஷா, 1980-களில் பெட்டிகளைக் காலடியிலிருந்தே அகற்றி ஓர் அலமாரிக்கு அனுப்பிவிட்டார். காலடியில் வெறும் பொத்தான்கள். ஒரு மிதிக்கு நான்கு பெட்டிகள் ஏறும், இரண்டு அணையும். நர்த்தனம் நின்றது.

அந்தச் சமயத்தில்தான் 'மிடி' என்ற பொதுப் பாஷை பிறந்தது. 1983 ஜனவரியில், அமெரிக்காவில் நடந்த ஒரு வாத்தியக் கண்காட்சியில், டேவ் ஸ்மித் கம்பெனியின் வாத்தியமும் ககேஹாஷியின் ராலண்டு வாத்தியமும் ஒரே கம்பியால் இணைக்கப்பட்டுப் பேசின. இந்தக் கம்பியில் பாட்டு போவதில்லை. உத்தரவு மட்டுமே போகிறது. '12-ஆம் நம்பர் குரலுக்கு மாறு' என்றால் மாறும். அப்படி 128 நம்பர்கள். ஓர் உத்தரவு போய்ச் சேர ஒரு செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. போட்டிக் கம்பெனிகள் உட்கார்ந்து பேசி, எல்லோருக்கும் பொதுவாக ஒரு பாஷையை விட்டுக்கொடுத்தன. அதனால்தான் வீட்டிலே உட்கார்ந்திருக்கிற சாதாரண மனிதனும் இந்தக் காரியத்தில் இறங்க முடிந்தது.

1975-லேயே கிரெய்க் ஆண்டர்டன் என்பவர், வாத்தியக்காரர்கள் தாங்களே செய்துகொள்ளக்கூடிய மின்கருவிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருந்தார். பிறகு 2005-ல் இத்தாலியில் 'ஆர்டுயினோ' என்ற சிறு மின்பலகையும், 2012-ல் இங்கிலாந்தில் 35 டாலருக்கு 'ராஸ்ப்பெரி பை' என்ற குட்டிக் கம்ப்யூட்டரும் வந்தன. இவை இரண்டையும் வைத்துக்கொண்டு, கால் மிதிப் பலகையை வீட்டிலேயே செய்கிறவர்கள் உலகெங்கும் பெருகிவிட்டார்கள். அவர்களில் பலருக்கும் ஒரு கட்டத்தில் தோன்றும் ஆசை: பொத்தான்களுக்குப் பதிலாக ஒரு தொடுதிரையை வைத்துவிட்டால் என்ன?

ஆசை நியாயமானதே. பொத்தானுக்கு ஒரு வேலைதான்; திரையிலோ பாட்டுக்குப் பாட்டு வேறு வேறு பெயர்கள், வேறு வேறு கட்டங்கள் வரவழைக்கலாம். ஆனால் தொடுதிரை யாருக்காகப் பிறந்தது? இங்கிலாந்தில் மால்வெர்ன் ராடார் ஆராய்ச்சி நிலையத்தில் ஈ. ஏ. ஜான்ஸன் 1965-ல் அதைப் பற்றி எழுதியது, ஆகாய விமானங்களை வழி நடத்துகிறவர்களுக்காக. நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணால் பார்த்து, விரலால் தொடுகிறவர்கள் அவர்கள். இன்று நம் கைப்பேசிகளில் இருக்கும் திரையும், விரலிலுள்ள மின்தன்மையை உணர்ந்துதான் வேலை செய்கிறது. ரப்பர் அடிவைத்த பூட்ஸ் அதற்கு விரலே அல்ல. எத்தனை மிதித்தாலும் வாய் திறக்காது. அழுத்தத்தை உணரும் இன்னொரு ஜாதித் திரை உண்டு. அது பூட்ஸுக்கும் பதில் சொல்லும். ஆனால் ஆவேசத்தில் ஒரு மனிதனின் முழுப் பாரமும் விழுந்தால், பாட்டோடு திரையும் முடிந்துவிடும்.

இவற்றைக்கூடச் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாத சங்கடம் ஒன்று இருக்கிறது. கண்ணாடி எங்கே தொட்டாலும் ஒரே வழவழப்பு. எரார் செய்த மிதிகட்டையில் காலுக்குப் படி தெரிந்தது. ஃபஸ்-டோன் பொத்தான் 'க்ளிக்' என்று பதில் சொல்லிற்று. கண்ணாடி எதையும் சொல்வதில்லை. காலுக்கு ஏது கண்? கால் பார்க்க முடியாததை, பாவம், தலை குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. பல வருஷமாகப் பாடுபட்டு நிமிர்த்த தலையை, நேற்று வந்த கண்ணாடி மறுபடி கவிழ்த்துவிடுகிறது!

ஆகவே, கெட்டிக்காரர்கள் சமரசத்துக்கு வந்தார்கள். 2017-ல் வெளிவந்த ஹெட்ரஷ் பலகையும், 2021-ல் கடைக்கு வந்த குவாட் கார்ட்டெக்ஸ் என்ற கருவியும், ஏழு அங்குலத் தொடுதிரையைக் கைக்கு வைத்து, காலுக்கு உலோகப் பொத்தான்களையே விட்டுவைத்தன. வீட்டில் செய்கிறவர்களுக்கும் நல்ல வழி இதுதான். திரையை மேற்புறம் சாய்த்துப் பத்திரமாக வைத்துவிட வேண்டும். கச்சேரிக்கு முன் கையால் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்யலாம். கச்சேரியின்போது அது வெறும் பெயர்ப்பலகை. காலுக்குக் கீழ் வரிசையில் பொத்தான்கள். பூட்ஸின் அகலத்தை அளந்து, ஒன்றை மிதித்தால் மற்றொன்றில் படாதபடி இடைவெளி. பொத்தானுக்கும் ஒரு துர்க்குணம் உண்டு. ஒரு தரம் மிதித்தால் உள்ளேயிருக்கும் உலோகத் தகடு சில மில்லிசெகண்டுகள் துள்ளும். கம்ப்யூட்டர் அதைப் பத்து மிதி என்று எண்ணிக்கொள்ளும். முதல் துள்ளலைக் கேட்டதும் சிறிது நேரம் காதைப் பொத்திக்கொள் என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இந்தப் புத்தி சில மனிதர்களுக்கும் தேவைதான்.

கடையில் நல்ல பலகை கிடைக்கும்போது வீட்டில் எதற்கு இத்தனை பாடு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கடைப் பலகை எல்லோருடைய காலுக்கும் செய்தது. ஆகவே யாருடைய காலுக்கும் செய்ததல்ல. இவன் எந்தப் பாட்டில் எந்த இடத்தில் தடுமாறுவான் என்பது கம்பெனிக்குத் தெரியாது, இவனுக்குத்தான் தெரியும். தவிர, கம்பெனி மூடினால், கைப்பேசி மாறினால், சில கருவிகள் ஊமையாகிவிடுகின்றன. 1983-ல் பிறந்த பொதுப் பாஷையோ, 2020-ல் அதற்கு ஒரு தம்பி பிறந்த பிறகும், தானும் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. வீட்டில் செய்தவனுக்குத் தன் பெட்டியின் ஒவ்வொரு கம்பியும் தெரியும்; மேடையில் அது மக்கர் செய்தால், அவனே திறந்து பார்ப்பான்.

நல்ல கருவிக்கு அடையாளம் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால், இனிமேல் ஒரே பதில்தான் சொல்வேன். கருவி தன்னைப் பார்க்கச் சொல்லக் கூடாது. பேனா எழுத்தாளனைக் காகிதத்தைப் பார்க்கவிட வேண்டும். மிதிப் பலகை வித்துவானை ஜனங்களைப் பார்க்கவிட வேண்டும். காலுக்குக் கண் வேண்டாம். தொட்டால் தெரிகிற ஒரு பொத்தானும், 'மிதித்தாயிற்று' என்று பதில் சொல்கிற ஒரு 'க்ளிக்'கும் இருந்தால் போதும். மற்றதைக் காலே பார்த்துக்கொள்ளும்.